ஆடாதோடை வேலி நடந்த கதை

1

அக்கராயனில் எங்கள் காணிக்குப் பின்னால் இருந்த செல்லத்துரை குடும்பத்தின் ஒழுங்கையை நான் களவெடுத்தேன். ஒரே நாளில் அல்ல. மாரிக்கு மாரி, சாண் சாணாக, பல வருடங்களில். யாரும் என்னைப் பிடிக்கவில்லை. பிடிபடாததால் அது களவில்லை என்று கனகாலம் நினைத்திருந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவன். அறியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அதற்கு நான் பாவித்தது ஆடாதோடை. ஆளுயரத்துக்கு மேல் வளரும் பற்றை. மாவிலை போல நீண்ட இலை, வெள்ளைப் பூ, நாக்கின் அடி வரை இறங்கும் கைப்பு. இருமல், சளி, தொய்வு என்று போனால் ஆயுர்வேத வைத்தியர் முதலில் கேட்பது இதன் இலையைத்தான். திப்பிலியும் தேனும் சேர்த்துக் கசாயம் வைப்பார்கள். ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் வேலிக்கும் நல்லது. எங்கள் காணியின் ஒரு பக்கம் முழுக்க ஆடாதோடை வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் செல்லத்துரை வீட்டார் பெருந்தெருவுக்கு வரும் ஒழுங்கை. அவர்களுக்கு வேறு வழி இல்லை.

எங்களுடைய ஆட்களுக்கு வேலி அரக்குகிற, நகர்த்தி நகர்த்தி அடுத்தவன் நிலத்தை எடுக்கிற, வியாதி பழையது. யாழ்ப்பாணத்தில் இருந்து வன்னிக்குக் குடியேறியபோது சட்டி பானையோடு அதையும் கட்டிக்கொண்டு வந்தோம். ஆனால் கிளுவை வேலியையோ பூவரச வேலியையோ அரக்குவது லேசில்லை. அலவாங்கால் கிடங்கு போட வேண்டும், புது மண் தெரியும், ஊர் கேட்கும். ஆடாதோடைக்கு ஒன்றும் வேண்டாம். ஐப்பசி மழையில் வேலியை வெட்டிச் சீராக்கும்போது, வெட்டிய தடிகளைப் பழைய வரிசைக்கு வெளியே ஒரு சாண் தள்ளி ஈரமண்ணில் குத்திவிட்டால் போதும். தை பிறக்க முன்னர் தளிர்த்துவிடும். அடுத்த மாரியில் உள்வரிசையை அடியோடு தறித்துவிட்டால், வேலி ஒரு சாண் வெளியே நிற்கும். பச்சை அதே பச்சை. பார்க்கிற கண்ணுக்கு ஒன்றும் நடந்திருக்காது.

எனக்கு அந்த நிலம் தேவைப்படவில்லை. காணி ஓரத்தில் ஒரு வரிசை தென்னை வைக்க ஆசைப்பட்டேன். இடம் கொஞ்சம் குறைந்தது. அவ்வளவுதான். மாட்டுவண்டில் போய்வந்த ஒழுங்கை, நான் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது சைக்கிள் உருட்டும் அளவுக்கு வந்திருந்தது.

2

இப்போது நான் இருப்பது ஜேர்மனியில், ரூர் பகுதியில் ஒரு சின்ன நகரத்தில். வேலையில் இருந்து ஓய்வு பெற்று, மனைவியையும் அடக்கம் செய்து, மகளின் வீட்டில் மேல்மாடி அறையில் இருக்கிறேன். காலையில் பாண் வாங்க வெதுப்பகம் வரை நடப்பேன். குளிர் தொடங்கினால் இருமல் தொடங்கும்.

போன குளிர்காலத்தில் அது விடவில்லை. வைத்தியரிடம் போனேன். இத்தனை வருடம் இருந்தும் என்னுடைய டொச் மொழி நொண்டும். ஊரில் என் வேலியில் இருந்தே இருமலுக்கு இலை பறித்தோம் என்று அவருக்குச் சொல்ல விரும்பினேன். டொச்சில் வேலி 'ட்சவுன்', பல் 'ட்சான்'; இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வாயை எவ்வளவு திறக்கிறோம் என்பதில் இருக்கிறது. ஊரில் என் பல்லில் இலை முளைத்தது என்று சொல்லியிருக்கிறேன். அவர் என் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, பல்லெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு சளி கரைக்கும் மருந்து ஒன்று எழுதித் தந்தார்.

மருந்தை வாங்கிவந்தவள் பேத்தி லீனா. மருந்துக்கடையில் வேலை பழகுகிறாள். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் டொச்சில் பதில் சொல்வாள். அது எங்கள் வீட்டின் நடைமுறை. அன்றைக்கு என்னோடு விளையாட நினைத்துத் தமிழில் தொடங்கினாள்.

"அம்மப்பா, இது எங்கட ஆக்களின்ர மருந்துதான், தெரியுமோ?"

"டொச் பெட்டியில இருக்கு, எங்கட ஆக்களின்ரயோ?"

"முதல் ஒரு இந்தியச் செடியில இருந்த சத்தைப் பாத்துத்தான் லாப்பில இதைச் செய்யத் தொடங்கினவை. செடியின்ர பேர் அடாட்டோடா."

அவள் உச்சரித்த விதத்தில் முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது மருந்து ஊற்றிய கரண்டியைக் கீழே வைத்தேன். இத்தனை காலம் தள்ளி, இத்தனை நாடு தாண்டி வந்து இருந்த எனக்கு, என் வேலி கரண்டியில் வந்து நின்றது.

என்ன என்று கேட்டாள். சொன்னேன். அதுவரை என் மனைவிக்கும் சொல்லாததை, இருபது வயதுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னேன். அவளுக்கு 'ஒழுங்கை' என்ற சொல் தெரியாது, 'அரக்குவது' தெரியாது. எல்லாவற்றையும் விரல்களால் மேசையில் காட்டினேன். உப்புப் போத்தல் செல்லத்துரை வீடு. கத்தி வேலி. கத்தியை நகர்த்தி நகர்த்திக் காட்ட அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அம்மப்பா, நீ கள்ளன்," என்றாள். மரியாதைச் சொற்கள் அவளுக்கு எப்போதும் குழம்பும். அன்றைக்கு நான் திருத்தவில்லை.

3

செல்லத்துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலிந்த மனிதர், வயல்காரர், பகிடிக்காரர். அவருக்குத் தொய்வு வியாதி. மாரி வந்தால் இழுக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: மருந்துக்கு இலை என்று யார் கேட்டாலும் இல்லை என்பதில்லை, பறிப்பவர் நன்றியும் சொல்வதில்லை. அவர் வாரம் ஒருமுறை வந்து, என் வேலியில் பழுத்த இலையாகப் பார்த்துப் பறித்துக்கொண்டு போவார். அவருடைய நிலத்தைத் தின்ற வேலியே அவருக்கு மூச்சையும் கொடுத்தது.

ஒரு மாரி நாளில் பின்னேரம் அவருடைய மனைவி பூரணம் ஓடிவந்தா. செல்லத்துரைக்கு மூச்சு எடுக்கவில்லை. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று ஒருவர் மெசினோடு வந்தார். மெசின் ஒழுங்கை வாசலிலேயே நின்றுவிட்டது. உள்ளே போக அகலம் இல்லை. கதிரை ஒன்றில் இருத்தித் தூக்கினோம். கதிரைக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்கவும் இடமில்லை. முன்னால் ஒருவர், பின்னால் நான். ஈர இலைகள் அவருடைய முகத்தில் அடித்துக்கொண்டே வந்தன. அவர் மூச்சுக்கு நடுவில் சொன்னார்:

"மாஸ்டர்... மருந்துக்குள்ளாலதான்... கொண்டு போறியள்."

முன்னால் தூக்கியவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் அந்த முறை தப்பிவிட்டார். அந்தக் கதிரையைத் தூக்கியதோடு நான் திருந்தினேன் என்று எழுத விருப்பம்தான். அந்த மாரியிலும் தடி குத்தினேன்.

4

கிளிநொச்சியை விட்டுச் சனம் ஓடிய காலத்தில் நாங்கள் ஓடியது கொழும்புக்கு, பிறகு இங்கே. காணியில் தங்கையின் மகள் சுகந்தி இருந்தாள். கடைசிச் சண்டையில் எல்லோரும் ஒட்டுசுட்டான் பக்கமாகப் போய், பிறகு கடற்கரை வரை போனார்கள். செல்லத்துரை திரும்பி வரவில்லை. ஷெல் இல்லை, மருந்து இல்லாமல் தொய்வுதான் என்று சுகந்தி தொலைபேசியில் சொன்னாள்.

சண்டை முடிந்து அகதி முகாமில் இருந்து சனம் திரும்பியபோது ஊர் காடாக இருந்தது. எல்லைக் கல் ஒன்றும் இல்லை. ஆனால் ஆடாதோடை எரிந்த இடத்திலும் அடிவேரில் இருந்து திரும்ப முளைத்திருந்தது. காணி அளக்க வந்தவர்கள் வேறு அடையாளம் இல்லாமல் வேலியை எல்லையாக எடுத்தார்கள். நான் சாண் சாணாகச் சொன்ன பொய் அப்படித்தான் அரசாங்கப் படத்தில் ஏறியது.

பூரணத்துக்கு வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. லொறி உள்ளே போகாததால் மண்ணையும் கல்லையும் தெருவில் பறித்துக் கொட்டிவிட்டுப் போனார்கள். அவா இரும்புத் தாச்சியில் அள்ளி அள்ளித் தலையில் வைத்துச் சுமந்து வீட்டைக் கட்டினா. சுகந்தி இதைச் சொன்னது என்னைக் குத்துவதற்கு அல்ல. ஊர்ப் புதினமாகத்தான் சொன்னாள். "பூரணம் அன்ரி பாவம் மாமா, முழங்கால் தேஞ்சு போச்சு. ஓட்டோக்காரன் தெருவிலதான் நிப்பான்."

இதையெல்லாம் கேட்டும் நான் பேசாமல் இருந்தேன். இங்கே பக்கத்து வீட்டு ஜேர்மன் கிழவர் ஒருநாள், உங்கள் செடிவேலி நடைபாதைக்குக் கை அகலம் வந்துவிட்டது என்று சிரித்தபடி சொன்னார். நான் கோப்பியை வைத்துவிட்டு அந்த நேரமே கத்தரிக்கோலோடு ஓடினேன். ஏன் அவ்வளவு அவதி என்று அவருக்கு விளங்கவில்லை.

லீனாவுக்குக் கதை முழுக்கச் சொன்னபிறகு அவள் சொன்னது ஒன்றுதான்: "அந்த அன்ரி இருக்கிறாதானே. திருப்பிக் குடுங்கோ." அவளுக்கு இதில் சிக்கல் எதுவும் தெரியவில்லை. எனக்கும் அன்று தெரியவில்லை. விமானச் சீட்டுப் போடச் சொன்னேன். சுகந்திக்குத் தொலைபேசி எடுத்து, நான் வந்து இறங்கிய அடுத்தநாள் காலை மண் கிண்டுகிற பெக்கோ மெசின் ஒன்று வரவேண்டும் என்றேன்.

"எதுக்கு மாமா?"

"வேலியைப் பிடுங்க. பூரணத்துக்குச் சொல்லாத. அவவுக்கு அது ஒரு சந்தோசமா இருக்கட்டும்."

5

வெயில் காலம். அக்கராயன் குளத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பின்னேரம் ஒழுங்கையால் பூரணத்தின் வீட்டுக்கு நடந்தேன். என் இரண்டு தோளிலும் இலை உரசியது.

அவா விறாந்தையில் சாக்கு விரித்து இலை காயவைத்துக்கொண்டிருந்தா. ஆடாதோடை இலைதான். நான் அதைக் கண்டேன். ஏன் இவ்வளவு என்று கேட்கத் தோன்றவில்லை. நான் சொல்ல வந்ததிலேயே இருந்தேன்.

"வாங்கோ மாஸ்டர். நல்லா மெலிஞ்சு போனியள். அங்க சாப்பாடு இல்லையோ?"

இருந்தேன். தேத்தண்ணி வந்தது. குடித்து முடித்துவிட்டுச் சொன்னேன்.

"பூரணம், இந்த ஒழுங்கையை நான்தான் ஒடுக்கினனான். வேலியை ஒவ்வொரு மாரிக்கும் தள்ளித் தள்ளி நட்டனான்."

"தெரியும்," என்றா. இலையைப் பிரட்டுவதை நிறுத்தவில்லை.

"எப்பயிருந்து?"

"முதல் மாரியில இருந்து. அவர் ஒவ்வொரு முறையும் வந்து கையாலை அளந்து பாப்பார். 'மாஸ்டர் நிக்கிறார், வேலி நடக்குது' எண்டு சொல்லிச் சிரிப்பார்."

"ஏன் என்னட்டை ஒரு சொல் கேக்கேல்லை?"

அப்போதுதான் அவா நிமிர்ந்து என்னைப் பார்த்தா.

"எங்கட மூண்டு பிள்ளையளும் உங்களிட்டையல்லோ படிச்சதுகள். சண்டை பிடிச்சுப்போட்டு அதுகளை எந்த முகத்தோட உங்கட வகுப்புக்கு அனுப்புறது?"

எனக்கு அது நினைவில் வந்திருக்கவே இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நான் ஒருநாளும் ஓரவஞ்சனை செய்ததில்லை. செய்யமாட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் பயத்தில் இருந்தார்கள். அந்தப் பயத்தின் மேல் நான் தடி குத்திக்கொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவா சாக்கின் நாலு மூலையையும் சேர்த்துக் கட்டினா. "இருட்டுது, பாத்துப் போங்கோ," என்றா.

6

காலையில் பெக்கோ வந்தது. தெருப்பக்கத்து மூலையில் இருந்து தொடங்கச் சொன்னேன். முதல் பற்றை வேரோடு எழும்பியபோது எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது. இரண்டாவதுக்கு மெசின் கை நீட்டும்போது ஒழுங்கைக்குள் இருந்து பூரணத்தின் குரல் வந்தது.

"தம்பி, மெசினை நிப்பாட்டு."

மெசின் ஓட்டிய பொடியன் என்னைப் பார்த்தான். அவா முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து மெசினுக்கு முன்னால் நின்றா.

"காசு தாறவரைப் பாக்காத, என்னைப் பார். நிப்பாட்டு."

அவன் நிறுத்தினான்.

"பூரணம், உங்கட ஒழுங்கையை அகலமாக்கத்தான்," என்றேன்.

"மாஸ்டர், அண்டைக்கு என்னைக் கேக்காமல் நட்டியள். இண்டைக்கு என்னைக் கேக்காமல் பிடுங்கிறியள்."

சுகந்தி வாசலில் நின்றாள். அவளுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. செல்லத்துரை போனபிறகு பூரணத்தின் சீவியம் அந்த வேலிதான். மருந்து செய்கிற இடத்துக்கு இலை எடுக்க வவுனியாவில் இருந்து ஆட்கள் வருகிறார்கள். அவா பறித்து, நிழலில் காயவைத்து, சாக்கில் கட்டி, சைக்கிளில் வைத்துத் தெருவுக்கு உருட்டிக்கொண்டு போவா. வேலி என்னுடையது, இலை அவவுடையது. ஒருவரும் எழுதிவைக்காமல் அது அப்படி ஆகியிருந்தது.

"நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று சுகந்தியைக் கேட்டேன்.

"நீங்கள் கேட்டால்தானே மாமா. மெசின் வரட்டும் எண்டியள். வந்தது."

மெசின் ஓரமாக உறுமிக்கொண்டு நின்றது. நான் வாழ்நாளில் இரண்டாவது முறையாக அவவின் நிலத்தில் என் விருப்பத்தை நடத்தியிருக்கிறேன். இரண்டாவது முறை நல்ல மனதோடு. பிடுங்கிய பற்றைக்கு அதனால் வித்தியாசம் எதுவும் இல்லை.

"அப்ப என்ன செய்ய வேணும், நீங்கள் சொல்லுங்கோ," என்றேன். இதை முதல்நாள் விறாந்தையிலேயே கேட்டிருக்கலாம். முப்பது வருடத்துக்கு முந்தியும் கேட்டிருக்கலாம்.

அவா யோசிக்கவே இல்லை. முதலே யோசித்து வைத்திருந்தா போல. "வேலி நிக்கட்டும். ஓட்டோ வாறதுக்கு உங்கட பக்கத்தாலை வழி விடுங்கோ."

எங்கள் பக்கம் என்றால் தென்னை வரிசை. எந்தத் தென்னைக்காக ஒழுங்கையைத் தின்றேனோ அதே வரிசை. ஷெல் பட்டுத் தலை போனவை போக, மிச்சம் காய்த்துக்கொண்டிருந்தன. அவை இப்போது சுகந்தியின் தென்னைகள். அவள் கனநேரம் மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிழை விட்டது நீங்கள், மாமா. தேங்காய்க்குக் கடைக்குப் போறது நான்."

பிறகு அவளே மெசின் பொடியனைக் கூப்பிட்டு, எந்த மரத்தில் தொடங்குவது என்று காட்டினாள். இந்தக் கதையில் எவருக்கும் கடமைப்படாமல் விட்டுக்கொடுத்தவள் அவள் ஒருத்திதான். அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

7

வழி வெட்டுவது ஒரு பகலில் முடிந்தது. அதைப் படத்தில் ஏற்றுவதுதான் பெரும்பாடு. எங்கள் காணி அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்த பெர்மிட் காணி. நினைத்தபடி துண்டு போடமுடியாது. கிராம சேவையாளரிடம், பிறகு பிரதேச செயலகத்தில் ஒரு மேசை, அங்கிருந்து இன்னொரு மேசை. நான் ஜேர்மன் பிரஜை என்பதால் நான்தான் நான் என்பதற்கு ஓர் அத்தாட்சி, உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு வேறோர் அத்தாட்சி. இரண்டாவதை எதிரில் இருந்து பார்த்துக்கொண்டே கேட்டார்கள்.

கடைசி மேசையில் இருந்த உத்தியோகத்தர் நல்ல பிள்ளை.

"ஐயா, எடுக்கத்தான் சனம் இங்க வாறது. குடுக்க வந்த ஆள் நீங்கள்தான்."

"நான் குடுக்கேல்லைத் தம்பி. எடுத்ததைத் திருப்பி விடுறன்."

அவர் பேனையை வைத்தார். "அப்பிடி ஒரு வகை இல்லையே ஐயா. அன்பளிப்பு எண்டுதான் போடலாம்."

"அது பொய்யல்லோ."

"நீங்கள் எடுத்ததுக்கு எங்களிட்ட ஆதாரம் இல்லை. படத்திலை அது உங்கட காணி. உங்கட காணியை ஒராளுக்கு விட்டால் அது அன்பளிப்புத்தான்."

வாதாடிப் பார்த்தேன். எனக்கு எதிராக நானே சாட்சி சொன்னேன். எடுபடவில்லை. என் களவை நான் அவ்வளவு நன்றாகச் செய்திருந்தேன். விமானத்துக்கு நாள் நெருங்கியது. அன்பளிப்பு என்று இருந்த இடத்தில் கையெழுத்து வைத்தேன்.

8

திரும்பி வந்தபிறகு ஊரில் இருந்து படங்கள் வந்தன. புது வழிக்குக் கிரவல் போட்டிருக்கிறார்கள். ஊர்ச்சங்கம் வாசலில் பலகை ஒன்றும் நட்டிருக்கிறது. என் பெயரைப் போட்டு, 'அன்பளிப்பாக வழங்கப்பட்ட பாதை' என்று எழுதியிருக்கிறார்கள். இங்கே தமிழ்ச்சங்க ஒன்றுகூடலிலும் ஒருவர் என் கையைப் பிடித்து, உங்களைப் போல நாலு பேர் ஊருக்கு வேண்டும் என்றார். நான் சொல்லத் தொடங்கியதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

பலகையைக் கழற்றச் சொல்லிச் சங்கத்துக்கு எடுத்தேன். கழற்றினால் மற்றவர்கள் காணி விட முன்வரமாட்டார்கள் என்றார்கள். சரி, என் வாயால் சொன்னால் கேட்கிறார்கள் இல்லை. எழுதினால் வாசிப்பார்கள் என்றுதான் இதை ஊர்ப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். சங்கத்தார் இதை வாசித்தால், பலகையில் உள்ள சொல்லை மாற்றும்படி கேட்கிறேன். என் பெயர் இருக்கட்டும். செய்ததோடு சேர்ந்து இருக்கட்டும்.

போன கிழமை பூரணத்தோடு கதைத்தேன். சுகந்தியின் தொலைபேசியில்தான். பின்னால் மெசின் சத்தம் கேட்டது. இலை ஏற்றுகிற வண்டி வாசல்வரை வந்து நிற்கிறது என்றா. கிளினிக்குக்கு ஓட்டோவில் வீட்டுப் படியில் இருந்தே ஏறுகிறா. அதைக் கேட்க எனக்கு நிறைவாக இருந்தது. மறைக்கவில்லை.

"அப்ப இனி நடக்கத் தேவையில்லை," என்றேன்.

"கோயிலுக்கு நடந்துதான் போறனான். பழைய ஒழுங்கையால."

"ஏன் பூரணம்? முழங்கால் ஏலாது, அதுக்குள்ள இலை வேற உரசும். புது வழி அகலமாக் கிடக்குத்தானே."

"அதில சாமான் வரும், போகும். அது நீங்கள் தந்த வழி, மாஸ்டர். இது எங்கட ஒழுங்கை."

"நான் தரேல்லை. அதுவும் உங்கடதான். நான் எடுத்தது."

"எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்," என்றா. "பலகை வேற மாதிரியல்லோ சொல்லுது."